பழி பொதுவில், விடுவிப்பு உறைக்குள்

ஒருவருடைய பெயர் கெட்டுப்போய் நிற்கும்போது சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "விடுங்க, காலம் பதில் சொல்லும்." "நாம நம்ம வேலையைப் பார்ப்போம், உண்மை தானா வெளியே வரும்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு சில ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் தோழி ஒருவருக்கு நேர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, யார் இதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போக முடிவதில்லை. காலம் தானாக வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பேசியதெல்லாம் மனிதர்கள்தான். அதிலும் பல பேர், பாதிக்கப்பட்டவர் போய்க் கேட்டுக் கேட்டுப் பேசவைத்த மனிதர்கள்.

தோழி ஒரு நிறுவனத்தின் பர்ச்சேஸ் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். கறார் என்று பெயர் எடுத்தவர். கொட்டேஷனில் ஒரு வரி தெளிவாக இல்லையென்றால் சப்ளையரைத் திரும்ப எழுதித் தரச் சொல்வார். அப்படிப்பட்டவர் மேல் ஒருநாள் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் நிர்வாகத்துக்குப் போனது. ஒரு குறிப்பிட்ட சப்ளையரிடம் அவர் கமிஷன் வாங்குகிறார், அதனால்தான் இன்னொரு கிளையில் குறைந்த ரேட்டுக்குக் கிடைக்கும் அதே உதிரி பாகத்தை இங்கே கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள் என்பது புகார். கூடவே இரண்டு ரேட்டையும் குறிப்பிட்டிருந்தார்கள். நிர்வாகம் விசாரணை வைத்தது. விசாரணை முடியும்வரை அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கியும் வைத்தது. இதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. புகார் வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். விசாரிக்கும்போது சம்பந்தப்பட்டவர் அந்த நாற்காலியில் இல்லாமல் இருப்பது அவருக்கும் நல்லதுதான்.

ஆனால் அதை அறிவித்து ஒரு மெயில் போனது. பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும், மற்ற கிளைகளுக்கும், சிசியில் சில சப்ளையர்களுக்கும். 'நிதி முறைகேடு தொடர்பான புகாரை முன்னிட்டு' என்று தொடங்கி, அவர் முழுப்பெயரும் பதவியும் அதில் இருந்தன. யாரோ அவசரத்தில் எழுதி, யாரோ படிக்காமல் அனுப்ப அனுமதித்த மெயில். அனுப்பியவருக்கு அது அன்றைய வேலைகளில் ஒன்று.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தோழி சொல்லக் கேட்டபோது, யாரும் அவரை ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முதலில் பட்டது. எல்லோரும் வழக்கத்தைவிட இனிமையாகப் பேசினார்களாம். அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட ஓர் இளைஞர் மேசைக்கு வந்து, "ஒண்ணும் பிரச்சினை இல்லையே மேடம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாராம். டெலிவரி தேதிக்காகத் தினமும் போன் செய்துகொண்டிருந்த சப்ளையர் ஒருவர், அடுத்த மேசைக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். போன் மணி அங்கே அடிப்பதும், எடுத்தவர் குரலைத் தாழ்த்துவதும் அவர் காதில் விழும். கணினியில் சில பக்கங்கள் திறக்காமல் போயின. இவற்றில் எதைக் காட்டி யாரிடம் போய்ப் புகார் சொல்ல முடியும்?

விசாரணையில் தெரியவந்தது மிகச் சாதாரணமான விஷயம். இன்னொரு கிளை வாங்கிய ரேட், தொழிற்சாலை வாசலில் போய் எடுத்துக்கொள்ளும் ரேட். வரி, பேக்கிங், சரக்குக் கட்டணம் எல்லாம் தனி. தோழி வாங்கியது, எல்லாச் செலவும் சேர்ந்து கிடங்கு வாசலில் இறக்கித் தரும் ரேட். நிதிப்பிரிவில் ஒருவர் இரண்டு இன்வாய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்ததும் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. சரி, முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒட்டிய உறையில் ஒரு கடிதம் வந்தது. 'புகார் நிரூபணமாகாததால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது. தாங்கள் பழைய பொறுப்பில் தொடரலாம்.' ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி அவருடைய பணிக் கோப்புக்கு. புகாரை அத்தனை பேர் படித்தார்கள். முடிவைப் படித்தது அவரும் கோப்பும்தான்.

நெருப்பில்லாமல் புகையுமா?

அவர் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். ஆனால் அடுத்த மேசையில் அடித்த போன் அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது. இது எனக்குப் புரியவே இல்லை. நிர்வாகமே திரும்ப உட்காரவைத்துவிட்டது, பிறகென்ன சந்தேகம்? அந்த நாட்களில்தான் இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1981-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்தித் தலைப்புகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் தவறு செய்தார் என்று நேரடியாகச் சொல்லும் தலைப்பு, செய்தாரா என்று கேள்வியாக வைக்கும் தலைப்பு, செய்யவில்லை என்று மறுக்கும் தலைப்பு எனப் பல விதமாகக் காட்டினார்கள். கேள்வியாக வைத்ததும் ஏறக்குறைய நேரடிக் குற்றச்சாட்டு அளவுக்கே அவர் மேல் கெட்ட எண்ணத்தை உண்டாக்கியது. மறுத்த தலைப்பும்கூட ஓரளவு கறையை விட்டுத்தான் போனது. ஆக, 'நான் கமிஷன் வாங்கவில்லை' என்று ஒருவர் போய்ச் சொல்லும் ஒவ்வொரு முறையும், கேட்பவர் மனத்தில் அவர் பெயரும் கமிஷனும் இன்னொரு முறை பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருகின்றன.

அதைவிட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 1994-ல் ஹோலின் ஜான்சன், கோலின் சைஃபர்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைச் சிறு சிறு செய்திகளாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அலமாரியறையில் பெயின்ட்டும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்று முதலில் வரும். பிறகு, அந்தத் தகவல் தவறு, அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம் வரும். திருத்தத்தைப் படித்தவர்களுக்கு அது நினைவும் இருந்தது. ஆனாலும் ஏன் இவ்வளவு கரும்புகை, ஏன் வெடித்தது என்று கேட்டால், அந்த பெயின்ட்டையும் உருளையையும்தான் காரணமாகச் சொன்னார்கள். தீ வைத்ததற்கான பொருட்கள் கிடைத்தன என்று வேறொரு காரணத்தைக் கொடுத்த பிறகுதான் பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது. 'அது இல்லை' என்று சொன்னால் மனத்தில் ஓர் ஓட்டை விழுகிறது. நிரப்ப வேறு எதுவும் கொடுக்காவிட்டால், மனம் பழையதையே எடுத்து அடைத்துக்கொள்கிறது.

தோழியின் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'நிரூபணமாகாததால்' என்று இருந்தது. சரி, அப்படியானால் இரண்டு ரேட் ஏன் வந்தது? அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ரேட் வித்தியாசம் உண்மை, அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அவர்கள் கேள்விப்பட்டிருந்த ஒரே காரணம் கமிஷன். நெருப்பில்லாமல் புகையாது என்பவர்களிடம் 'நெருப்பு இல்லை' என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. புகை எங்கிருந்து வந்தது என்று காட்டியாக வேண்டும்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பெரிய வழக்குகளும் வேறு மாதிரி தெரிகின்றன. 1996 ஜூலை 27 அன்று அட்லான்டா ஒலிம்பிக் பூங்காவில் குண்டு வைத்திருந்த ஒரு பையைப் பார்த்து, போலீசுக்குச் சொல்லி, கூட்டத்தை அப்புறப்படுத்த உதவியவர் ரிச்சர்ட் ஜுவெல் என்ற காவலாளி. முதலில் அவரைக் கொண்டாடினார்கள். சில நாட்களில், குண்டு வைத்தவரே அவராக இருக்கலாம் என்று எஃப்.பி.ஐ. சந்தேகிப்பதாகச் செய்தி கசிந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் கேமராக்கள். அக்டோபர் கடைசியில், அவர் மேல் சந்தேகம் இல்லை என்று அரசுத் தரப்பு கடிதம் கொடுத்தது. சட்டப்படி அன்றே முடிந்த கதை. ஆனால் உண்மையான குற்றவாளி எரிக் ருடால்ஃப் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2005-ல். அதன் பிறகுதான், 2006-ல், ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜுவெலை அழைத்துப் பாராட்டினார். 2007-ல் அவர் இறந்துபோனார், வயது 44. குற்றவாளியின் இடத்தில் வேறொருவர் வந்து நிற்கும்வரை அந்த இடம் அவருடையதாகவே இருந்திருக்கிறது.

உளவு பார்த்ததாகப் பொய்ப் பழி சுமத்தப்பட்ட இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கதையை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஒன்றைத்தான். 1996-லேயே சி.பி.ஐ. வழக்கில் உண்மையில்லை என்று சொல்லிவிட்டது. 1998-ல் உச்ச நீதிமன்றமும் அந்த வழக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. யார் செய்தார்கள், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியோடு நின்றார். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கூடவே, அவரைச் சிக்கவைத்த அதிகாரிகளின் பங்கை ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. அந்த இரண்டாவது உத்தரவுக்காகத்தான் அத்தனை ஆண்டுகள் போராடினார் என்று நான் நினைக்கிறேன். 'நீ குற்றவாளி இல்லை' என்பதோடு, 'பிறகு நடந்தது என்ன' என்பதையும் ஒரு நீதிமன்றம் கேட்டது.

யார் மௌனமாக இருக்கலாம்?

மௌனமாக இருந்தே பெயரை மீட்டவர்கள் இல்லையா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஜான் புரொஃபியூமோவை அவர் உதாரணம் காட்டினார். 1963 மார்ச்சில், போர்த்துறை அமைச்சராக இருந்தபோது, ஒரு பெண்ணோடு தனக்கிருந்த உறவு பற்றிப் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பொய் சொன்னவர். ஜூனில் பொய்யை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். பிறகு கிழக்கு லண்டனில் டாய்ன்பீ ஹால் என்ற தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து பல பத்தாண்டுகள் வேலை செய்தார். அந்த விவகாரத்தைப் பற்றிப் பொதுவில் பேசவே இல்லை. 1975-ல் அவருடைய தொண்டுக்காக அரசு விருது கொடுத்தது. 2006-ல் இறந்தபோது அந்தத் தொண்டையும் சேர்த்தே அவரை நினைத்தார்கள்.

எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் எப்போது மௌனமானார் என்று பார்க்க வேண்டும். தவறை ஒப்புக்கொண்ட பிறகு, பதவியை விட்ட பிறகு. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவரின் மௌனம் அது. தவறே செய்யாதவரை அதே மௌனத்துக்குத் தள்ளினால், பார்ப்பவர்கள் அதை ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்தை எழுதித் தருவது அநியாயம்.

தோழிக்கும் இப்படி ஒரு மருந்து எழுதித் தந்தார்கள். திரும்பி வந்த முதல் வாரத்தில் ஹெச்.ஆர்.-இல் ஒருவர் அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார். "எல்லாருக்கும் சுமுகமா இருக்கும். 'என் பக்கம் ஏதாவது தவறு நேர்ந்திருந்தால் வருந்துகிறேன்'னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம்." தோழி முடியாது என்றார். அந்த நேரத்தில் சிலர் அதைத் திமிர் என்றுகூடப் பேசினார்கள். அவர் செய்ததே சரி. பீட்டர் கிம்மும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஏறக்குறைய இதையேதான் சோதித்தது. வேலைக்கு வரும் ஒரு கணக்காளர் மேல் பழைய இடத்தில் ஒரு குற்றச்சாட்டு. அது திறமைக் குறைவால் நேர்ந்த பிழை என்று வரும்போது, மன்னிப்புக் கேட்டவரை நம்பினார்கள். வேண்டுமென்றே செய்த நேர்மைக்கேடு என்று வரும்போதோ, மன்னிப்பைவிட மறுப்பே நம்பிக்கையைக் காத்தது. காரணம் எளிது. தெரியாமல் கணக்கில் பிழை விட்டவர் அடுத்த முறை திருத்திக்கொள்வார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பணம் எடுத்தேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அவர் எப்போதும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சுமுகத்துக்காக எழுதிக் கொடுத்த அந்த இரண்டு வரி, அவர் கோப்பில் என்றென்றைக்கும் ஒப்புதல் வாக்குமூலமாக உட்கார்ந்திருக்கும்.

அதே முகவரிகளுக்கு, அதே தலைப்பில்

ஹெச்.ஆர்.-க்கு முடியாது என்றவர், அதோடு நிற்கவில்லை. பொது மேலாளரைப் பார்க்க நேரம் கேட்டார். அன்று அவர் கையில் எடுத்துப்போனது இரண்டே தாள்கள். ஒன்று, உறையில் வந்த கடிதம். இன்னொன்று, முதலில் போன அந்த மெயிலின் பிரின்ட் அவுட். மெயிலில் விஷயத்தின் மேல் ஒரு கோடும் இல்லை. 'டு', 'சிசி' என்று பெயர்கள் வரிசையாக இருந்த இடத்தை மட்டும் மஞ்சள் மார்க்கரால் தீட்டியிருந்தார். மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "சார், இந்த மெயில் யார் யாருக்குப் போச்சோ, அவங்க எல்லாருக்கும் விசாரணை முடிவும் போகணும். இதே பேர் வரிசை, இதே சப்ஜெக்ட் லைன். அனுப்புற பேரும் இதே பேரா இருக்கணும்."

மேலாளர் கெட்டவர் இல்லை. பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கக்கூடியதைத்தான் கேட்டார். "எல்லாரும் மறந்திருப்பாங்கம்மா. அதை எதுக்குத் திரும்பக் கிளறணும்?"

"மறந்தவங்களுக்கு இந்த மெயிலால ஒண்ணும் ஆகப்போறதில்ல சார். மறக்காதவங்களுக்காகத்தான் கேக்குறேன்."

இந்தப் பதிலைத் தோழி என்னிடம் சொன்ன சாயங்காலம் நான் வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளறாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் எங்கும் படித்ததில்லை. கிளறாமல் விடுவதால் யாருக்கு நிம்மதி? அந்த மெயிலை அனுப்பியவருக்கு. அனுமதித்தவருக்கு. பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு. அவமானத்தைச் சுமக்கிறவருக்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை.

அவர் கேட்ட இரண்டாவது விஷயம், ரேட் வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு வாக்கியம். அங்கேதான் இழுபறி ஆனது. காரணத்தை எழுதினால் விசாரணைக்கு முன்பே இரண்டு இன்வாய்ஸை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும் என்று சட்ட ஆலோசகர் தயங்கினார். தோழி யார் மேலும் நடவடிக்கை கேட்கவில்லை, யாரும் தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. மான நஷ்ட வழக்குப் போடப்போவதாக ஒரு சாடைகூடக் காட்டவில்லை. அந்த வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். வரைவு எழுத என்னையும் கூப்பிட்டார். எங்கள் முதல் வரைவு ஒரு பக்கம் நீண்டது. அதில் அவருடைய இத்தனை வருட உழைப்பு, மன வேதனை எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக அவரே அடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் மிஞ்சியது மூன்று வாக்கியம். இன்ன தேதியில் அனுப்பிய மெயிலில் குறிப்பிட்ட புகார் விசாரிக்கப்பட்டது. ஒப்பிடப்பட்ட இரண்டு விலைகளில் ஒன்றில் வரியும் சரக்குக் கட்டணமும் சேராதிருந்ததே வித்தியாசத்துக்குக் காரணம், கொள்முதலில் முறைகேடு எதுவும் இல்லை. இன்னார் தம் பொறுப்பில் தொடர்கிறார். அந்த மூன்று வாக்கியமும் அப்படியே போயின, மஞ்சள் தீட்டிய அத்தனை பெயருக்கும். 'கமிஷன்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். வெக்னரின் ஆய்வை அவர் படித்ததில்லை.

எல்லாம் மறுநாளே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிலர் கடைசிவரை மாறவில்லை. ஆனால் அந்தச் சப்ளையரின் போன் பழைய மேசைக்கு வந்தது. ஒரு கிளை மேலாளர், "உங்களைப் பத்தி நான் நினைச்சது தப்பும்மா" என்று கூப்பிட்டே சொன்னார். அதைவிட முக்கியமாக, அவருக்காகப் பேச நினைத்து, கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தவர்களுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது. யாராவது கிசுகிசுத்தால், "அது சரக்குக் கட்டணம் சேர்க்காத ரேட்டுய்யா" என்று சொல்ல முடிந்தது. நல்லவர்கள் பலர் வாயை மூடிக்கொண்டிருப்பது பயத்தால் மட்டும் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாததாலும்தான்.

"உங்களுக்கு மட்டும்தான் இப்படி"

பழியில் மிகவும் கொடியது தனிமை. பிரிட்டனின் அஞ்சல் நிலைய வழக்கைப் படித்தபோது இது எனக்கு உறைத்தது. 1999 முதல் 2015 வரை, ஹொரைசன் என்ற கணினி அமைப்பு காட்டிய பொய்யான பற்றாக்குறையை வைத்துச் சிறிய அஞ்சல் நிலையங்களை நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். சொந்தப் பணத்தைப் போட்டுக் கணக்கை நேர் செய்தவர்கள் ஏராளம். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான் என்பது. அக்கம்பக்கத்தார் அவர்களைத் திருடர்களாகப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் தங்களையே சந்தேகிக்கத் தொடங்கினார்கள்.

ஆலன் பேட்ஸ் என்பவர் மற்றவர்களைத் தேடிப்பிடித்து 2009-ல் ஒரு சங்கமாகச் சேர்த்தார். பின்னாளில் 555 பேர் ஒன்றாக வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில், அந்த மென்பொருளில் பிழைகளும் குறைபாடுகளும் இருந்தன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின. 2024-ல் ஒரு சட்டமே இயற்றி மற்றவர்களையும் மொத்தமாக விடுவித்தார்கள். 'பணம் எங்கே போனது' என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் வேண்டியிருந்தது. பணம் எங்கும் போகவில்லை, கணினி தப்பாகக் கூட்டியது. தனியாக ஒருவர் சொன்னபோது திருடனின் சாக்கு என்று தள்ளிவிட்ட அதே பதில்தான். 555 பேர் சேர்ந்து சொன்னதும் நீதிமன்றம் கேட்டது.

அதனால், இப்படி மாட்டிக்கொண்ட யாராவது என்னிடம் பேசினால், முதலில் நான் கேட்பது இதுதான்: நடந்தது முழுவதும் தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? பெரும்பாலும் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைத்திருப்பார்கள். தாள்களைத் தேதிவாரியாக எடுத்து வையுங்கள், மெயில்களின் பிரதியை முறைப்படி கேட்டு வாங்குங்கள், வாய்மொழியாகச் சொன்னதைச் சொன்னவருக்கே எழுதி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள் என்பதெல்லாம் அடுத்த வேலை. அதற்கு முன் இரண்டு மூன்று பேராவது முழுக் கதையையும் கேட்டிருக்க வேண்டும்.

இணையம் வேறு சிக்கல். அங்கே அழிக்கப் போராடுவதே சில நேரம் விஷயத்தைப் பரப்பிவிடும். பாடகி பார்பரா ஸ்ட்ரைசேண்ட் 2003-ல் தன் கடற்கரை வீட்டின் படத்தை நீக்கச் சொல்லி 5 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அதற்கு முன் அந்தப் படத்தைத் தரவிறக்கியிருந்தது ஆறு முறைதான், அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள். செய்தி பரவிய மாதத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள். ஆனாலும் எதையும் தொடாதே என்று நான் சொல்ல மாட்டேன். மாரியோ கோஸ்டேஹா என்ற ஸ்பெயின்காரர், 1998-ல் தன் சொத்து ஏல அறிவிப்பு வெளியான நாளிதழ்ப் பக்கம் தன் பெயரைத் தேடினாலே வருகிறது என்று வழக்காடி, 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுளுக்கு எதிராக வென்றார். கடன் தீர்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அந்தத் தீர்ப்பால் அவருடைய ஏலம் உலகத்துக்கே தெரிந்துபோனது உண்மைதான். ஆனால் பழைய, பொருத்தமற்ற விவரங்களைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லும் உரிமை ஐரோப்பாவில் எத்தனையோ பேருக்கு அதனால்தான் கிடைத்தது. நான் அவர் பக்கம்.

தானே முதலில் சொன்னது

சில ஆண்டுகளுக்குப் பிறகு தோழி வேறொரு நிறுவனத்தில் வேலைக்கு முயன்றார். பழைய இடத்துக்கு அவர்கள் போன் செய்து விசாரிப்பார்கள் என்று தெரியும். யார் எடுப்பார்கள், என்ன தொனியில் பேசுவார்கள் என்று தெரியாது. "நான் எதுவும் சொல்லாம இருந்து, அவங்க வேற யார் மூலமாவது கேள்விப்பட்டா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பேசி, நேர்முகத்தில் அவரே முதலில் சொல்வது என்று முடிவு செய்தோம். சொல்ல நினைத்ததைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். குரலில் கோபமும் அழுகையும் போகும்வரை.

இதற்கிடையில் பழைய இடத்தில் அவர் இன்னொன்றும் செய்திருந்தார். விலை ஒப்பீட்டுப் படிவத்தையே மாற்றியிருந்தார். வரி, பேக்கிங், சரக்குக் கட்டணம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி, கடைசியில் கிடங்கு வாசல் ரேட். எந்தக் கிளை வாங்கினாலும் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் ஒப்பிட முடியும். இதைக் கேட்டபோது எனக்கு டைலனால் என்ற அமெரிக்க வலிநிவாரண மாத்திரை நினைவுக்கு வந்தது. 1982-ல் சிகாகோ பகுதியில் அதில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. கலந்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. குற்றவாளியைக் காட்ட முடியாத அந்த நிறுவனம், யாராவது திறந்திருந்தால் பார்த்ததும் தெரிகிற மாதிரி முத்திரையிட்ட பாட்டிலைக் காட்டியது. அந்தப் பாட்டிலோடுதான் மாத்திரை மறுபடி சந்தைக்கு வந்து, மக்கள் வாங்கவும் செய்தார்கள். தோழிக்கும் அந்தக் கையெழுத்தில்லாத கடிதத்தை எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. அதைத் தேடிப் போகவும் இல்லை. படிவத்தைத்தான் மாற்றினார்.

நேர்முகத்தில், சொல்லிக்கொள்ளும்படியாக என்ன செய்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வந்ததும் அந்தப் படிவத்தை எடுத்து வைத்து, அது எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று சொன்னார். புகார், விலக்கிவைப்பு, காரணம், மூன்று வாக்கிய மெயில். அதன் பிரதியையும் கொடுத்தார். எதிரே இருந்த மூவரில் ஒருவர் பர்ச்சேஸ்காரர். அவர் மெயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு, இறக்குமதிப் பொருளுக்கு சுங்க வரியை எந்தப் பத்தியில் காட்டுவீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார். மீதி நேரம் முழுவதும் அந்தப் பத்தியைப் பற்றித்தான் பேச்சு.